டோட்டா, லீக் மாதிரி ஐவர் அணி விளையாட்டுகளில் சப்போர்ட் (துணை வீரர்) பக்கத்தில் நின்றால் கேரிக்கு (பலம் சேர்த்து ஆட்டத்தை வெல்ல வேண்டிய வீரர்) எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) பாதி போகிறதா, இல்லையா?

மிட்லேன்_மாறன்:
இன்னொரு இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "கேரிக்கு வேண்டியது கோல்ட் மட்டும்தான், எக்ஸ்பி தானாக வரும். சப்போர்ட் லேனில் (படைகள் மோதும் பாதையில்) நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை." இதற்கு நாற்பது லைக் வேறு. டோட்டாவில் லேனில் நடந்து வரும் எதிரிப் படையாளான கைச்சண்டைக் கிரீப் ஒன்று செத்தால் 57 எக்ஸ்பி. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவருக்கே 57. இருவர் இருந்தால் ஆளுக்கு 28 சொச்சம். லாஸ்ட் ஹிட் (கொல்லும் கடைசி அடி) யார் அடித்தாலும் சரி, நிற்பவர்கள் எல்லோருக்கும் சமப் பங்கு. சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் சப்போர்ட் கேரியின் எக்ஸ்பியில் பாதியைத் தின்கிறார். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வார்டு_வாணி:
விவாதிக்க நிறைய இருக்கிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் தனியாக நிற்பவர் ஏழாவது மினியன் (உங்கள் கிரீப் மாதிரிதான்) செத்ததும் லெவல் 2 ஆவார். பாட் லேன் என்னும் கீழ்ப் பாதையில் இருவர் நின்றால் ஒன்பதாவது மினியனில் ஆவார்கள். உங்கள் கணக்குப்படி "பாதி" என்றால் பதினாலு ஆகியிருக்க வேண்டாமா? பகிரும்போது மொத்தம் கூடும்படிதான் அங்கே அமைத்திருக்கிறார்கள். ஆளுக்குப் பாதிக்கு மேலேயே கிடைக்கும். பாதி இல்லை.

மிட்லேன்_மாறன்:
ஒன்பதும் ஏழும் ஒன்றா? தாமதமாகத்தானே லெவல் ஏறுகிறது? நஷ்டம் உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

வார்டு_வாணி:
நான் ஒப்புக்கொண்டது "பாதி இல்லை" என்பதை. நீங்கள் எழுதியது "பாதி". மேலே போய் உங்கள் பதிவை நீங்களே ஒரு முறை படியுங்கள்.

ஜங்கிள்_ஜீவா:
மொபைல் லெஜண்ட்ஸில் இந்தச் சண்டையே கிடையாது. கோல்ட் லேன், எக்ஸ்பி லேன் என்று பெயரே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே சப்போர்ட்டான ரோமர், ஷூவில் ரோம் என்னும் திறனை வாங்கிக்கொண்டு சுற்றுவார், கேரியின் பங்கில் கை வைக்க மாட்டார். விஷயம் முடிந்தது.

மிட்லேன்_மாறன்:
கைப்பேசியில் விரலால் தேய்ப்பவர்கள் பெரியவர்கள் பேசும் இடத்துக்கு ஏன் வருகிறீர்கள் தம்பி? அங்கே டினை உண்டா? சொந்தக் கிரீப்பை நாமே அடித்துக் கொன்று எதிரிக்கு எக்ஸ்பியைக் குறைக்கும் கலை தெரியுமா?

ஜங்கிள்_ஜீவா:
சொந்த ஆளையே கொல்வது கலை என்றால் போன வாரம் நம் அணியில் நீங்கள் பெரிய கலைஞராகத்தான் இருந்தீர்கள். எதிரியின் டவருக்கு (காவல் கோபுரம்) அடியில் போய்ப் போய்ச் செத்து எதிரி மிட்டுக்கு (நடு லேன் வீரர்) நீங்கள் கொடுத்த கோல்டில் அவர் ஆட்டத்தையே முடித்தார்.

மிட்லேன்_மாறன்:
அந்த ஆட்டத்தில் சப்போர்ட் என் லேனிலேயே நின்று பாதி எக்ஸ்பி தின்றதால்தான் நான் லெவல் 6 ஆகவில்லை! அல்டி என்னும் பெரிய திறன் இல்லாமல் எதை வைத்துச் சண்டை போடுவது? இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வார்டு_வாணி:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நிதானி:
எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மாறன் பேசுவது டோட்டா 2. வாணி பேசுவது லீக். ஜீவா பேசுவது மொபைல் லெஜண்ட்ஸ். மூன்றிலும் விதி வேறு. டோட்டாவில் செத்தால் கையிருப்புக் கோல்டில் ஒரு பகுதி போகும், லீக்கில் போகாது. எந்த விளையாட்டு, எந்தக் கட்டம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால்…

மிட்லேன்_மாறன்:
விளையாட்டு எதுவானால் என்ன? பாதி பாதிதான்.

பழைய_வீரன்:
உங்கள் கூத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2015-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்மில் ஆட்டத்துக்குள் கோல்டும் இல்லை, பொருள் கடையும் இல்லை. எக்ஸ்பி முழு அணிக்கும் பொது. யார் கொன்றாலும் அஞ்சு பேரும் ஒன்றாக லெவல் ஏறுவார்கள். லாஸ்ட் ஹிட் தகராறே வராது.

மிட்லேன்_மாறன்:
அதனால்தான் அதை இன்று யாரும் ஆடுவதில்லை.

பழைய_வீரன்:
நான் ஆடுகிறேன்.

மிட்லேன்_மாறன்:
அதைத்தான் சொன்னேன்.

வார்டு_வாணி:
பேச்சை மாற்றாதீர்கள். சப்போர்ட் "வேடிக்கை பார்க்கிறார்" என்றீர்களே, உங்கள் டோட்டாவிலேயே கிரீப் அலையை இழுத்துக்கொண்டு போய் நியூட்ரல் கேம்பில் (காட்டு மிருகங்களின் முகாம்) மோதவிடுவது யார்? எதிரிக்கு எக்ஸ்பி போகாமல் தடுப்பது யார்? நிமிடம் திரும்பும் முன் கேம்பை ஸ்டாக் செய்து (மிருகங்களைப் பெருக்கி) வைப்பது யார்? பிறகு கேரி வந்து ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போகிறார். லீக்கில் சப்போர்ட் பொருளை வைத்துக்கொண்டு மினியனை முடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கோல்ட் போகிறது. அதே பொருளோடு அளவுக்கு மீறி மினியன் அடித்தால் சப்போர்ட்டுக்குக் கோல்ட் வெட்டு. விளையாட்டே சப்போர்ட்டைக் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. இதற்கும் மேல் அவரைத் திருடர் என்கிறீர்கள்.

மிட்லேன்_மாறன்:
இழுக்கப் போகும் நேரம் லேனில் இல்லை, அப்போது எனக்கு முழு எக்ஸ்பி. திரும்பி வந்ததும் பாதி. என் பக்கம் வாதாடியதற்கு மறுபடி நன்றி.

கேரி_குமரன்:
நானும் கேரிதான், ஆனால் மாறனோடு சேர மாட்டேன். ஆரம்பத்தில் சப்போர்ட் இல்லாமல் எதிரே இருவர் நின்றால் எக்ஸ்பி பாதி அல்ல, பூஜ்யம். டவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிரீப் சாவதைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியதுதான். எக்ஸ்பி எல்லைக்குள் கால் வைக்கவே விட மாட்டார்கள்.

மிட்லேன்_மாறன்:
குமரன் எந்த ராங்க்?

கேரி_குமரன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மிட்லேன்_மாறன்:
சொல்ல முடியவில்லை பார்த்தீர்களா.

ஜங்கிள்_ஜீவா:
மாறன் ராங்க் என்னவென்று நான் சொல்லட்டுமா?

மிட்லேன்_மாறன்:
எக்ஸ்பி பாதியாகாமல் ஆடிய காலத்தில் என் ராங்க் என்ன என்று தெரிந்தால் வாயடைத்துப் போவீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2018-இல் உங்கள் லீக்கில் மாஸ்டர் யி, டாரிக் என்ற இரு கதாபாத்திரங்களைச் சேர்த்து ஆடினார்களே, ஒரே ஆளுக்கு லேன் கோல்டும் ஜங்கிள் (காட்டு) கோல்டும் போகும்படி? எவ்வளவு பலமாக இருந்தது என்றால் லீக்கை உருவாக்கிய ரயட் நிறுவனமே விதியை மாற்றி அடக்க வேண்டியிருந்தது. வளம் ஒருவரிடம் குவிந்தால் வெற்றி, பங்கு போட்டால் தோல்வி. வேறென்ன சான்று வேண்டும்?

வார்டு_வாணி:
அந்த உத்தியில் டாரிக் யாரோடு நடந்தார் என்று பார்த்தீர்களா? யியை ஒட்டியபடி, கூடவே. பக்கத்தில் நின்ற சப்போர்ட்டால் வென்ற உத்தியைக் காட்டி, பக்கத்தில் நிற்காதே என்கிறீர்கள்.

மிட்லேன்_மாறன்:
அது விதிவிலக்கு.

நிதானி:
டோட்டாவில் 2014-இல் 6.82 பதிப்பு வந்தபோது பின்தங்கிய அணிக்குக் கொலைக்குக் கூடுதல் கோல்டும் எக்ஸ்பியும் கொடுத்தார்கள். ஆக, லேனில் இழந்ததை மீட்க வழி வைத்துத்தான்…

மிட்லேன்_மாறன்:
அந்தப் பதிப்பைப் பற்றிப் பேசாதீர்கள், வயிறு எரிகிறது. முன்னிலையில் இருந்தவன் ஒரு சண்டையில் தோற்றதும் எல்லாம் கவிழ்ந்தது. அதனால்தானே அடுத்தடுத்துத் திருத்தினார்கள்?

பழைய_வீரன்:
பொது எக்ஸ்பி வைத்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

மிட்லேன்_மாறன்:
ஐயா, உங்கள் விளையாட்டில் கடையே இல்லை.

வார்டு_வாணி:
கடைசியாகக் கேட்கிறேன். லீக்கில் ஏழு, ஒன்பது. பாதியா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை.

மிட்லேன்_மாறன்:
57-ஐ இரண்டால் வகுத்தால் எவ்வளவு? நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

ஜங்கிள்_ஜீவா:
இன்று இரவு ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது. மாறனைத் தவிர யாராவது வரலாம்.

மிட்லேன்_மாறன்:
நான் வருகிறேன், மிட் எனக்கு. வாணி சப்போர்ட் எடுப்பதானால் என் லேன் பக்கம் தலை வைக்கக் கூடாது.

வார்டு_வாணி:
இன்று மிட் நான்தான்.