14 பேருடன் அரிசோனா, யூட்டா பள்ளத்தாக்குப் பயணம்: வண்டியும் தங்குமிடமும்

பெருமாள்புரத்தார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாத நடுவில் நாங்கள் குடும்பத்தோடு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் ஆகிய பாலைநிலப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காக்களையும் பேஜ் நகரையும் தரைவழியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஃபீனிக்ஸுக்கே திரும்ப வேண்டும் என்பது திட்டம். நானும் மனைவியும், அண்ணனும் மதினியும், தங்கையும் மாப்பிள்ளையும், அண்ணன் மகன் குடும்பத்தில் நால்வர், மகள் குடும்பத்தில் நால்வர் என்று மொத்தம் 14 பேர். அண்ணனுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் படி ஏறுவது அவருக்குச் சிரமம். தங்கை வெளிச்சாப்பாட்டைத் தொடுவதில்லை.

15 பேர் அமரும் ஒரே வேனை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று மருமகன் சொல்கிறார். இரண்டு கார்கள்தான் சரி என்று அண்ணன் மகன் சொல்கிறான். திருச்செந்தூரானாலும் குற்றாலமானாலும் ஒரே வேனில் கூடிப் போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், என் மனம் மருமகன் பக்கமே சாய்கிறது. பூங்காவுக்குள்ளேயே அறை எடுப்பதா, வெளியே முழு வீடு எடுப்பதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. பெரியவர்களை இந்த வழியில் அழைத்துப் போனவர்கள் விவரமாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

தாமிரபரணிக்கரை (மறுமொழி)

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் வண்ணார்பேட்டையைச் சேர்ந்தவன். இப்போது ஃபீனிக்ஸில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தபந்தங்களை இந்த வழியில் அழைத்துப் போவது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. வண்டியைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த ஊரில் எத்தனை இரவு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வாடகைக் கார் கடைசி மாதத்தில்கூடக் கிடைத்துவிடும். பள்ளத்தாக்கின் விளிம்பில் அறை அப்படிக் கிடைக்காது.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில், பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. 1905இல் திறக்கப்பட்ட எல் டோவார், அதை அடுத்துள்ள கச்சீனா, தண்டர்பேர்ட், பிரைட் ஏஞ்சல் ஆகியவை விளிம்பை ஒட்டியே இருப்பதால் அவைதான் முதலில் நிரம்புகின்றன. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள மாஸ்விக், யாவாபாய் விடுதிகளில் இடம் கிடைப்பதற்கு வாய்ப்பு கூடுதல். ரத்தாகும் அறைகள் அவ்வப்போது பட்டியலுக்குத் திரும்பி வரும் என்பதால், மருமகன் நாள்தோறும் ஒருமுறை பார்த்துவந்தால் மூன்று அறைகளாவது தேறலாம். அதுவும் வாய்க்காவிட்டால், பூங்கா வாசலுக்கு வெளியே, உள்ளே விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள டூசாயன் என்ற சிற்றூரில் தங்கலாம். உள்ளே தங்குவதை நான் இவ்வளவு வலியுறுத்துவது உங்கள் அண்ணனை நினைத்துத்தான். காலையில் விளிம்பு வரை வந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பிப் படுத்து, மாலையில் மறுபடி வெளியே வர அவரால் முடியும். வெளியூரில் தங்கினால் பகல் முழுவதும் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே அவர் களைத்துப் போவார்.

ஃபீனிக்ஸிலிருந்து தெற்கு விளிம்பு சுமார் 370 கிலோமீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு, டெசர்ட் வியூ சாலை வழியாகக் கிழக்கே இறங்கி, கேமரன் வழியாகப் பேஜ் நகருக்கு வந்தால் மேலும் 220 கிலோமீட்டர் ஆகும். பேஜில் ஓர் இரவு போதும். அதன் பிறகு 120 கிலோமீட்டரில் இருக்கும் கனாப் என்ற சிற்றூரில் மூன்று இரவு தங்குங்கள். சயானும் பிரைஸும் அங்கிருந்து வேறுவேறு திசைகளில் இருப்பதால், பெட்டிகளைக் கட்டி அவிழ்க்காமல் ஒரு நாள் அதற்கும் ஒரு நாள் இதற்கும் போய்வரலாம். கனாபிலிருந்து ஃபீனிக்ஸ் 550 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், திரும்பும்போது ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது. கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பை இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்; அங்கிருந்த பழைய விடுதி 2025 ஜூலை மாதக் காட்டுத்தீயில் எரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். விளிம்பை ஒட்டிச் செல்லும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிகளை விடமாட்டார்கள். பூங்காவின் இலவசப் பேருந்துதான் ஓடும். ஆனால் நடக்கச் சிரமப்படுபவர் உடன் இருந்தால், நுழைவாயிலிலேயே கேட்டு அனுமதிச் சீட்டு பெற்று நம் காரிலேயே போகலாம். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது குளிர். பாலைநிலம் என்றதும் நம் ஊர்க்காரர்கள் பருத்தித் துணிகளை மட்டும் எடுத்து வருகிறார்கள். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர், கொடைக்கானல் உயரம். பிரைஸ் அதைவிட உயரம். மே மாத இரவில் அங்கே வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கிவிடும். ஃபீனிக்ஸிலோ அதே வாரத்தில் நம் கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

தென்காசி மதி (மறுமொழி)

அண்ணாச்சி, தங்கை அவர்களின் சாப்பாட்டுக் கவலைக்காக எழுதுகிறேன். கனாபில் எடுப்பது சமையலறையுள்ள முழு வீடாகவே இருக்கட்டும். 14 பேருக்கு ஐந்தாறு அறைகள் போடுவதைவிட, அடுத்தடுத்து இரண்டு வீடுகள் கிடைத்தால் செலவும் குறையும். காலையில் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரவும் முடியும். பதிவு செய்வதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்பதுதான். அடுத்து, குளிக்கும் இடம் தொட்டியாக இருக்கிறதா, தரையோடு சமமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது ஆபத்து. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோக வேண்டாம். நம் வீட்டில் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். செருகியை மாற்றிப் பொருத்தினாலும் நான்கில் ஒரு பங்குச் சூடுதான் ஏறும்; அரிசி ஊறிக் குழையுமே தவிர வேகாது. மகள் வீட்டுக் குக்கரையே வண்டியில் எடுத்துப் போங்கள். அரிசியும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தால் மூன்று நாள் தாராளமாக ஓடும். தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியையும் போட்டுவிடச் சொல்லுங்கள். கடுகும் மிளகாய் வற்றலும் புகைந்தவுடனே கூரையில் இருக்கும் புகைமணி காதைப் பிளக்கும். அதை நிறுத்தத் தெரியாமல் பெரியவர்கள் பதறிப் போவார்கள்.

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் வாடகையும் கூட்டமும் ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே ஃபீனிக்ஸ் திரும்பிவிடும்படி நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் ஓட்டுநர் (மறுமொழி)

வண்டி விஷயத்தில் அண்ணன் மகன் சொல்வதுதான் சரி. ஒரே வேனில் போக வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 15 பேர் அமரும் வேனில் 14 பேர் ஏறிவிட்டால் பெட்டிகளை வைக்க இடமே இருக்காது. ஆட்கள் நிறைய நிறைய அத்தகைய வேன் கவிழும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது. புதிய வேன்களில் நிலைப்படுத்தும் கருவிகள் வந்துவிட்டன என்றாலும், மலைச்சாலையில் அந்த நீளத்துக்குப் பழகாத கை ஓட்டுவதை நான் விரும்பமாட்டேன். மேலும் அதன் படி உயரம். ஒவ்வொரு காட்சிமுனையிலும் உங்கள் அண்ணன் ஏறி இறங்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டொயோட்டா சியன்னா போன்ற மினிவேன்கள் இரண்டு எடுங்கள். கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும், தளம் தாழ்வாக இருக்கும். அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வண்டிக்கு ஏழு பேர் அமர்ந்தால், பின்னால் நடுத்தரப் பெட்டிகள் நான்கைந்துதான் பிடிக்கும். பெரிய பெட்டிகளை மகள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எட்டு வயது நிரம்பாத குழந்தைகள் இருந்தால், அவர்களுக்குரிய தனி இருக்கை இரண்டு மாநிலங்களிலும் சட்டப்படி கட்டாயம்.

அண்ணன் மகனும் ஓட்டுவதாக இருந்தால், புறப்படுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். அது ஓராண்டு செல்லும். வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டப்போகும் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டை இரண்டு வண்டிகளுக்கும் முழுமையாக எடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம், ஏனென்றால் மான்களும் எல்க் என்ற பெரிய மான் வகையும் சாலையின் குறுக்கே வரும். நவஹோ பழங்குடி நிலத்தில் பல மைல் தூரத்துக்குத் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால், ஒரு வண்டி முந்திவிட்டால் எங்கே காத்திருப்பது என்பதைப் புறப்படும்போதே பேசி வையுங்கள். பேஜுக்குப் போகும் நாளில் கேமரனில் 1916 முதல் இருந்துவரும் வணிக நிலையம் அதற்கு நல்ல இடம். உணவும் கழிப்பறையும் அங்கே உண்டு.

நுழைவுக் கட்டணத்தில் 2026 முதல் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் மூன்றிலும், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பெரியவர்கள் எட்டுப் பேருக்கு ஒரு பூங்காவுக்கே 800 டாலர் ஆகிவிடும். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர்தான். வண்டிக்கு ஒன்றாக இரண்டு அட்டைகள் எடுத்தால், மூன்று பூங்காக்களையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

பெருமாள்புரத்தார்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படி உயரத்தை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு மினிவேன்கள் என்று இன்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். பேஜில் ஆன்டிலோப் கேன்யனுக்கு மருமகன் பதிவு செய்யப் போகிறார். அண்ணனால் அதற்குள் போக முடியுமா? குறுகிய பாறை இடுக்குக்குள் வெள்ளம் வரும் என்று படித்ததில் மதினி பயப்படுகிறார்கள். அண்ணன் பொதுப்பணித்துறையில் இருந்தவர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் வேலை பார்த்தவர்.

தாமிரபரணிக்கரை

மதினியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மலையில் மழை பெய்தால் குற்றாலத்தில் வெயில் அடிக்கும்போதே அருவி பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் அதே கதைதான். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழை, கீழ் ஆன்டிலோப் இடுக்குக்குள் வெள்ளமாக வந்து 11 பேரைக் கொண்டுபோனது. ஆனால் அப்பகுதியின் மழைக்காலம் ஜூன் நடுவில்தான் தொடங்குகிறது. நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வானிலை சரியில்லை என்றால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

கீழ் இடுக்கில் இரும்பு ஏணிகள் உண்டு என்பதால் பெரியவர்களுக்கு ஆகாது. மேல் இடுக்கில் உள்ளே சமதரைதான், மணலில் நடக்கலாம். ஆனால் மறுபுறம் வெளியே வந்ததும் இரும்பு நடைபாதையில் ஏறி இறங்கித்தான் திரும்ப வேண்டும். மற்றவர்களுக்கு மேல் இடுக்கையே பதிவு செய்யுங்கள். உங்கள் அண்ணனுக்கு அதுவும் வேண்டாம். பேஜை ஒட்டியே கிளென் கேன்யன் அணை இருக்கிறது. 216 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் வளைவு அணை. அதன் பக்கத்திலுள்ள பார்வையாளர் மையத்தின் கண்ணாடிச் சன்னலருகே நின்றால் அணை முழுவதும் கண்முன் தெரியும். மற்றவர்கள் இடுக்கைப் பார்த்துவிட்டு வரும்வரை அவரையும் மதினியையும் அங்கே இருக்கச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும்போது நேரத்தை மட்டும் மருமகன் கவனிக்க வேண்டும். அரிசோனாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. யூட்டாவும் நவஹோ நிலமும் மாற்றுகின்றன. பேஜ் நகரம் அரிசோனா நேரத்தில் இயங்க, கைப்பேசி திடீரென்று ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். சீட்டில் இருப்பது எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு, கைப்பேசியில் தானாக மாறும் நேர அமைப்பை அன்றைக்கு அணைத்துவிடச் சொல்லுங்கள்.