நம்ம பக்கத்து வளவுல மெடிட்டரேனியன் சாப்பாடு: போனவுக அனுபவத்தைச் சொல்லுங்க

செக்காலைக்காரன்

போன சனிக்கிழமை அப்பச்சி ஆத்தா, அதான் எங்க அப்பா அம்மா, கல்யாண நாளுக்கு வீட்ல ஆறு பேரு போயிருந்தோம். ஓட்டல் பேரு வேண்டாம், காரைக்குடியச் சுத்தி இருக்குறவுகளுக்குச் சொல்லாமலே தெரியும், பழைய செட்டியார் வீட்டை ஓட்டலா மாத்தி வளவைச் சுத்தி மேசை போட்ருக்காகளே அந்த எடம்தான். உள்ள நுழைஞ்சதும் மனசு நெறஞ்சுபோச்சு, பர்மாத் தேக்குத் தூணு, காலுக்கடியில ஆத்தங்குடிக் கல்லு, சாயங்கால வெளிச்சம் நடுமுத்தத்துல எறங்குது, ஆத்தா அப்படியே தூணப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாக.

சாப்பாடுதான் ஆளுக்கொரு பேச்சா ஆயிப்போச்சு. ஹம்மஸ் (கொண்டக்கடலை விழுது), ஃபலாஃபல் (கொண்டக்கடலை வடை), மூசாக்கா (கத்திரிக்காய் அயிட்டம்), ஷிஷ் தாவூக் (கம்பியில சுட்ட சிக்கன்), முழு கொடுவா மீன் கிரில், கடைசில குனாஃபாங்கிற இனிப்பு. முதல் தட்டு வரவே 50 நிமிசம். ஹம்மஸ் நாக்குல கரகரன்னு இருந்துச்சு. மூசாக்கா ஆறிப்போய் வந்துச்சு, அதுல கறியே இல்ல, கொண்டக்கடலையும் கத்திரிக்காயும் தக்காளியும்தான், நான் இதுக்கு முன்னாடி சென்னையில சாப்பிட்டது மேல வெள்ளையா க்ரீம் மாதிரி போட்டு கொத்துக்கறி வச்சு சுடச்சுட இருந்துச்சு, அதனால இதைத் திருப்பி அனுப்பிட்டேன். மீனு மட்டும் பிரமாதம், அப்பச்சி முள்ளு மட்டும் மிச்சம் வச்சாக. ஆனா மத்தது எதுலயும் உரைப்பு இல்ல, இதுக்கா இவ்வளவு காசுன்னு அவுக கேட்டது எனக்குச் சங்கடமாப் போச்சு. தங்கச்சிக்கு நேர் எதிரு, அவளுக்கு எல்லாமே புடிச்சிருந்துச்சு, நாக்கு எரியாம ஒரு சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுங்கிறா.

பில்லு: சாப்பாடு 9,600, சர்வீஸ் சார்ஜ் 960, அதையும் சேத்து அதுமேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 12,461. போனவுக யாரும் இருந்தா உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, நான் தப்பா ஆர்டர் பண்ணிட்டனா இல்ல எடமே அப்படித்தானான்னு தெரிஞ்சுக்கணும்.

பள்ளத்தூர் மருமகள்

அண்ணே நாங்க ரெண்டு தடவை போயிட்டோம், ரெண்டு தடவையும் நல்லா இருந்துச்சு. அந்தப் பூண்டு வெள்ளைச் சட்னி ஒன்னு குடுப்பாக பாருங்க சிக்கனுக்கு, அதுக்காகவே மூணாவது தடவையும் போவேன். சனிக்கிழமை மட்டும் போகாதீக.

இளையான்குடி கத்தார் ரிட்டர்ன்

செக்காலைண்ணே, தோஹாவுல ஒரு லெபனான்காரர் கிச்சன்ல 11 வருசம் நின்னவன் நான், அந்த அடுப்படி பழக்கத்துல சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க திருப்பி அனுப்புன மூசாக்கா தப்பான தட்டு இல்லண்ணே. சென்னையில நீங்க சாப்பிட்டது கிரேக்க மூசாக்கா, அது கொத்துக்கறி வச்சு மேல பெஷமெல்ங்கிற வெள்ளை சாஸ் ஊத்தி ஓவன்ல வைக்கிறது. இது லெபனான் பக்கத்து மூசாக்கா, கறி கிடையாது, கத்திரிக்காயும் கொண்டக்கடலையும் தக்காளியில வெந்து எண்ணெயில ஊறி நிக்கணும், அதை ஆறவச்சுத்தான் பரிமாறுவாங்க, மறுநாள் இன்னும் ருசி கூடும், நம்ம புளிக்குழம்பு மாதிரி. ஆனா இதைச் சொல்ல வேண்டியது மெனு கார்டு, இல்லன்னா ஆர்டர் எடுக்க வந்த தம்பி. ஒரே பேருல ரெண்டு ஊரு சாப்பாடு இருக்குறப்ப எந்த ஊருதுன்னு ஒரு வரி போடாம விட்டது அவங்க தப்பு, உங்களது இல்ல.

ஹம்மஸ் கரகரன்னு இருந்துச்சுன்னா அது சால்ஜாப்பே இல்லாத தப்பு. கொண்டக்கடலைய முதல் நாளே ஆப்பசோடா கொஞ்சம் போட்டு ஊறவச்சு, வெரல்ல நசுக்குனா மாவாப் போற அளவுக்கு வேகவிடணும், தோலை எடுத்துட்டு அரைச்சா இன்னும் விசேசம். தஹினி, அதான் எள்ளு விழுது, அதுல எலுமிச்சை ஊத்துனவுடனே கட்டியா இறுகும், பயந்துறக் கூடாது, ஐஸ் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு அடிச்சா வெள்ளையாப் பொங்கி வரும், அதுலதான் கடலை சேரணும். நான் போனப்பவும் தஹினி கம்மியாத்தான் இருந்துச்சு. தஹினி விலைக்குப் பயந்து கைய இறுக்குறாங்கன்னு நெனைக்கிறேன்.

ஃபலாஃபல் நல்லாப் பண்றாங்க. அதுக்குக் கடலைய வேகவைக்கவே கூடாது, ஊறவச்சு பச்சையா அரைச்சுப் பொரிக்கணும், நம்ம மசால் வடைக்குக் கடலப்பருப்பு அரைக்கிற அதே கணக்கு. எகிப்துல கொண்டக்கடலைக்குப் பதிலா ஒரு பெரிய அவரைப் பருப்புல போடுவாங்க, அங்க அதுக்குப் பேரு தாமியா. மேல சொன்ன பூண்டுச் சட்னிக்குப் பேரு தூம், பூண்டு எண்ணெய் எலுமிச்சை உப்பு அவ்வளவுதான், முட்டை போடாம வெண்ணெய் மாதிரி திரண்டு வரணும், அங்க அது சரியா வருது.

முக்கியமா ஒன்னு. அந்தச் சாப்பாட்டை ஆளுக்கு ஒரு தட்டுன்னு வாங்கக் கூடாது. மெஸ்ஸேன்னு சொல்லுவாங்க, நம்ம ஊரு பேச்சுல வெஞ்சனம்தான், ஏழெட்டுக் கிண்ணத்தை நடுவுல வச்சு ரொட்டியப் பிச்சு எல்லாரும் தொட்டுச் சாப்பிடுறது. சோறு இல்லாம வெஞ்சனத்தை மட்டும் ஒத்தையா வாயில போட்டா நம்ம வெஞ்சனமும்தான் நல்லா இருக்காது. இன்னொன்னு, அவங்க மெனுவுல ஸ்பெயின் பாயேயா சோறு இருக்கு, கிரேக்கம் இருக்கு, லெபனான் இருக்கு, துருக்கி இருக்கு, மத்தியதரைக் கடலைச் சுத்தி இருக்குற எல்லா நாட்டையும் ஒரே அடுப்படியில ஏத்துனா சனிக்கிழமை 50 நிமிசம் ஆகத்தான் செய்யும். பாதியக் குறைச்சா அந்தப் பயலுக நல்லாச் சமைப்பாங்க, கை இருக்கு.

தேவகோட்டை ஆச்சி மக

நான் எங்க ஆயாவக் கூட்டிட்டுப் போனேன், 82 வயசு. வரமாட்டேன்னுதான் சொன்னாக, அந்த வீடு அவுகளுக்குத் தெரிஞ்ச வீடு, சின்னப் புள்ளையில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காகளாம். உள்ள போனதும் சாப்பாட்டைப் பாக்கல, எங்க பந்தி போட்டாக, எந்த மூலையில மாப்பிள்ளைய உக்கார வச்சாகன்னு காட்டிக்கிட்டே வந்தாக. வளவுல எல்லாரும் செருப்போட நடக்குறதைப் பாத்துட்டு மொகம் சுருங்கிப்போச்சு. நான் மேனேஜர்கிட்ட சொன்னேன், அவரு மரியாதையாக் கேட்டாரு, ஆனா வெளிநாட்டு கெஸ்ட் வர்றாங்க என்ன பண்றதுன்னாரு. எனக்கு அது இன்னும் உறுத்துது, ஆத்தங்குடிக் கல்லு வெறுங்கால்ல நடந்தாத்தான் மெருகேறும், வெளிநாட்டுக்காரவுகளுக்கும் அதைச் சொன்னா சந்தோசமாக் கழட்டுவாக.

அப்புறம் பாபா கனூஷ், அதான் சுட்ட கத்திரிக்காய் மசியல், வந்துச்சு. ஆயா ஒரு வாய் வச்சுட்டு என்னையப் பாத்து "இது நம்ம கோசமல்லிதானடி, புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்காக, எள்ளு சேத்திருக்காக" அப்படின்னாக. எங்க வீட்ல விறகடுப்பு இருந்த காலத்துல கத்திரிக்காயத் தணல்ல சுட்டுத் தோலுரிச்சுத்தான் கோசமல்லி, அந்தப் புகை வாசம் கேஸ் அடுப்பு வந்ததுலேருந்து போச்சுன்னு ஆயா அடிக்கடி சொல்லுவாக, அந்த வாசம் திரும்ப இங்க கெடச்சிருச்சு. கிண்ணத்தை அவுக பக்கம் இழுத்து வச்சுக்கிட்டாக, இடியப்பம் இருந்தா இன்னும் தோதா இருக்கும்னு சொன்னாக. லப்னேயப் பாத்து துணியில தொங்கவிட்ட தயிருன்னு உடனே சொல்லிட்டாக. குனாஃபா மட்டும் செல்லல, உள்ள பாலாடைக்கட்டி நூலு நூலா இழுக்குறது அவுகளுக்கு ஒப்பல, மேல சேமியாவும் பாகும் நல்லாத்தான் இருக்கு உள்ளதான் சரியில்லைன்னு ஒதுக்கிட்டாக.

உரைப்பு இல்லன்னு நெறையப் பேரு சொல்றீக. ஆயாவோட அப்பச்சி ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடி வரைக்கும் ரங்கூன்ல கடை வச்சிருந்தவுக. கவுனி அரிசி, அதான் இனிப்புக்குப் போடுற கருப்பு அரிசி, பர்மாவுலேருந்து வந்ததுதான, இன்னைக்கு அது இல்லாம நம்மள்ல ஒரு கல்யாணம் நடக்குதா? அதுல என்ன உரைப்பு இருக்கு? கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்டதுதான் செட்டிநாட்டு ருசின்னு நம்மளே சொல்லிக்கிறோம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம், உக்காரை எல்லாம் எந்த ஊருதாம், அதுலயும்தான் உரைப்பு இல்ல.

கானாடுகாத்தான் சைவம்

என் அனுபவம் நல்லது இல்ல, கோவத்துல எழுதல, அடுத்தவுகளுக்கு நடக்கக் கூடாதுன்னு எழுதுறேன். பொறந்ததுலேருந்து சைவம். பருப்பு சூப்பு சைவமான்னு ரெண்டு தடவை கேட்டேன், ஆமான்னாரு. பாதி குடிச்சதுக்கப்புறம் வேற ஒரு தம்பி வந்து ஐயா அது சிக்கன் ஸ்டாக்குல வச்சது, மன்னிச்சிருங்கன்னு சொன்னாப்ல. அந்தத் தம்பி மறைக்காம வந்து சொன்னதுக்கு நன்றிதான், பில்லுல காசும் கழிச்சாக, ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல. சைவம் சாப்பிடுறவுக போனா "கறி இருக்கா"ன்னு கேக்காதீக, "எந்தத் தண்ணியில வேகவச்சீக"ன்னு கேளுங்க. அந்த நாட்டுச் சாப்பாட்டுல பருப்பு, காய், ரொட்டி, தயிருன்னு சைவம் எவ்வளவோ இருக்கு, அதைப் பிரிச்சு வச்சு சமைக்க ஒரு பானை ஒதுக்குறது பெரிய காரியமா.

கழனிவாசல் ஆடிட்டர் பையன்

பில்லு விசயம். 18% அவங்க இஷ்டத்துக்குப் போட்டது இல்ல, ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500க்கு மேல இருக்குற ஓட்டலுக்குள்ள ரெஸ்டாரண்ட் இருந்தா அந்த ரேட்டுதான், வெளிய தனியா இருக்குற கடைன்னா 5%. ஆனா சர்வீஸ் சார்ஜ் வேற கதை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே பில்லுல தானாச் சேக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டு ஆணையம் சொன்னதுதான் சரின்னுருச்சு. செக்காலைண்ணே, அந்த 960 நீங்க குடுக்க வேண்டியதே இல்ல, அதுமேல போட்ட ஜிஎஸ்டி 172 ரூபா 80 காசும் சேத்துப் போயிருக்கு. எடுங்கன்னு சொன்னா எடுத்துருவாங்க, எடுக்கலைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க. நல்லாக் கவனிச்ச தம்பிக்கு கையில குடுங்க, அது அவனுக்கே போகும்.

குன்றக்குடி அம்மா

எல்லாரும் எழுதுறதைப் படிச்சேன். எம் மகன் அந்த அடுப்படியிலதான் வேலை பாக்குறான், கேட்டரிங் முடிச்சுட்டு நேரா அங்க சேந்தான். கத்திரிக்காய் சுடுறது அவன்தான். முதல் மாசம் கையெல்லாம் கொப்புளம். ஆச்சி கிண்ணத்தை இழுத்து வச்சுக்கிட்டாகன்னு இங்க எழுதியிருந்ததை அவனுக்குப் படிச்சுக் காமிச்சேன், ஒன்னும் பேசல, ரெண்டு தடவை படிக்கச் சொன்னான். சூப்பு விசயம் அவனுக்கும் தெரியும், அந்த ஐயாவுக்கு நடந்தது தப்புதான், இப்ப சைவ சூப்புக்குத் தனிப் பானை வச்சாச்சுன்னு சொன்னான். சனிக்கிழமை கூட்டத்துக்கு ஆளு பத்தலைன்னு அவனே சொல்றான், ரொட்டி போடுற ஆளு ஒருத்தர்தானாம்.

செக்காலைக்காரன்

எல்லாருக்கும் நன்றி, கத்தார் தம்பிக்கு ரொம்ப. நேத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், நானும் ஆத்தாளும் வீட்டுக்காரியும் தங்கச்சியும் மறுபடி போனோம். தம்பி சொன்ன மாதிரி வெஞ்சனம் மட்டும் வாங்குனோம், ஹம்மஸ், பாபா கனூஷ், முஹம்மரா, தபூலேங்கிற பார்ஸ்லி இலை சாலட், ஃபலாஃபல், லப்னே, அப்புறம் அதே மூசாக்கா, ரொட்டி சுடச்சுட வந்துக்கிட்டே இருந்துச்சு. 15 நிமிசத்துல மேசை நெறஞ்சுருச்சு. மூசாக்காவ இந்தத் தடவை ஆறினதாவே ரொட்டியில தொட்டுச் சாப்பிட்டேன், அன்னைக்குத் திருப்பி அனுப்புனது வருத்தமா இருந்துச்சு, எண்ணெயும் தக்காளியும் கத்திரிக்காயில அப்படி எறங்கியிருந்துச்சு. முஹம்மரா செவப்பு மொளகாயும் வால்நட்டும் மாதுளம்பழப் பாகும் போட்டு அரைச்சதாம், இனிப்பு புளிப்பு லேசா உரைப்பு, ஆத்தா அதை வீட்ல அரைச்சுப் பாக்கணும்னு எழுதி வாங்கிட்டு வந்தாக. ஹம்மஸ் இன்னும் கரகரதான், அதுல மாத்தம் இல்ல, போறப்ப சொல்லிட்டு வந்தேன்.

சாப்பாடு 3,200, சர்வீஸ் சார்ஜ் வேண்டாம்னு சொன்னதும் மறு பேச்சு இல்லாம எடுத்துட்டாக, வரியோட 3,776. கவனிச்ச தம்பி கையில 200 குடுத்தேன். ஆத்தா செருப்பை முகப்புலயே கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தாக, பக்கத்து மேசையில இருந்த ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுக அதைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போய் கழட்டிட்டு வந்துச்சுக.

அப்பச்சி வரல. மீனு மட்டும் பார்சல் வாங்கிட்டு வரச் சொன்னாக. வாங்கிட்டுப் போனேன், சோத்துல மொளகு ரசம் ஊத்தி அதோட சாப்பிட்டாக.

இளையான்குடி கத்தார் ரிட்டர்ன்

அப்பச்சிய அடுத்த தடவை அடானா கெபாப் சாப்பிட வைங்கண்ணே, துருக்கிக்காரன் கையால கொத்துன ஆட்டுக்கறியில செவப்பு மொளகாய் போட்டு கம்பியில சுடுறது, அதுல உரைப்பு இருக்கு. மெனுவுல கடைசிப் பக்கத்துல கீழ இருக்கு, யாரும் பாக்குறது இல்ல.