ஜிடிபியில் டுவார்ஃப் இல்லாத அன்வைண்டிங்கைச் சோதிப்பது எப்படி?

கேள்வி

எக்ஸ்86-64 லினக்ஸ், ஜிசிசி. டுவார்ஃப் (கம்பைலர் எழுதிவைக்கும் டீபக் தகவல்) கிடைக்காதபோது ஜிடிபி டீபக்கர், ஃபங்ஷனின் புரோலாக்கைப் (தொடக்க இன்ஸ்ட்ரக்‌ஷன்களை) படித்து முந்தைய ஃபிரேமைக் (அழைத்த ஃபங்ஷனின் ஸ்டாக் பகுதியை) கண்டுபிடிக்கும், அதாவது அன்வைண்ட் செய்யும் அல்லவா, அந்த மாற்று வழியை மட்டும் சோதிக்க வேண்டும். நிரல் சின்னது, மூன்று ஃபங்ஷன்கள்: 'மெயின்', 'நடு'வை அழைக்கும்; 'நடு', 'அடி'யை அழைக்கும். 'நோ அசிங்க்ரனஸ் அன்வைண்ட் டேபிள்ஸ்' கொடுத்து, டீபக் தகவல் சேர்க்கும் -ஜி-யுடன் கம்பைல் செய்தேன். அடியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் ஓ0 (ஆப்டிமைஸ் செய்யாதது), ஓ2 (ஆப்டிமைஸ் செய்தது) இரண்டிலும் பேக்ட்ரேஸ் (அழைப்பு வரிசை) பிசகில்லாமல் வருகிறது. ஓ2-விலும் சரியாக வருவதுதான் சந்தேகமாக இருக்கிறது. உண்மையில் வேலை செய்தது எது?

பதில் 1

சந்தேகம் சரிதான், டுவார்ஃப்தான் வேலை செய்திருக்கிறது. அந்த ஃபிளாக் இஎச்-ஃபிரேமை (அன்வைண்ட் விவரம் வழக்கமாக இருக்கும் பகுதியை) மட்டும்தான் நிறுத்தும். -ஜி இருந்தால் அதே விவரத்தை ஜிசிசி டீபக்-ஃபிரேம் செக்‌ஷனில் எழுதிவிடும். ரீட்எல்ஃப் -டபிள்யூஎஃப் போட்டுப் பாருங்கள், உங்கள் மூன்று ஃபங்ஷனும் அங்கே இருக்கும்.

இதற்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். ரன் கொடுப்பதற்கு முன்பே 'மெயின்ட் செட் டுவார்ஃப் அன்வைண்டர்ஸ் ஆஃப்' கொடுங்கள். அணைந்ததற்கு அடையாளம் பேக்ட்ரேஸிலேயே தெரியும்: ஓ0-வில் ஃபங்ஷன் பெயர்கள் ஒழுங்காக வரும், ஆர்க்யுமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'கான்ட் கம்ப்யூட் சிஎஃப்ஏ ஃபார் திஸ் ஃபிரேம்' என்று புலம்பும். ஜிசிசி லோக்கல் வேரியபிள்களின் இடத்தை சிஎஃப்ஏவை (ஃபிரேமின் ஆதார முகவரியை) வைத்துத்தான் குறிக்கிறது. அதைக் கணக்கிடுவது டுவார்ஃப் அன்வைண்டர். அதனால் அந்தப் புலம்பல் பிழை அல்ல. டெஸ்ட் அவுட்புட்டை ஒப்பிட இடைஞ்சலாக இருந்தால் 'செட் பிரிண்ட் ஃபிரேம்-ஆர்க்யுமென்ட்ஸ் நன்'.

ஸ்ட்ரிப் (பைனரியிலிருந்து தகவலை நீக்கும் கருவி) வழியாகப் போனால் டீபக் பகுதியை மட்டும் நீக்குங்கள். சிம்பல் டேபிளும் போய்விட்டால் ஃபங்ஷன் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, பிறகு எந்தப் புரோலாக்கைப் படிப்பது?

பதில் 2

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். 'பிரேக் அடி' என்றால் ஜிடிபி புரோலாக்கைத் தாண்டித்தான் நிற்கும். அங்கே ஆர்பிபி (ஃபிரேம் பாயிண்டர் ரெஜிஸ்டர்) தயாராக இருக்கும், எல்லாமே பாஸ் ஆகும். பெயருக்கு முன் நட்சத்திரக் குறி போட்டு முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனிலேயே நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டெப்ஐ-க்கும் ஒரு 'பிடி' (பேக்ட்ரேஸ்) எடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம், புஷ் ஆர்பிபி முடிந்து மூவ் நடக்காத அந்த ஒரு நிலை. திரும்பும் முகவரி அப்போது ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) + 8-இல் இருக்கும். ஆர்பிபியோ இன்னும் நடுவுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஆர்பிபியை நம்பும் அன்வைண்டர், அடிக்குக் கீழே நேராக மெயினைக் காட்டும். நடு காணாமல் போயிருக்கும், எர்ரர் எதுவும் வராது. 'பேக்ட்ரேஸ் வந்ததா' என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதைப் பிடிக்கவே பிடிக்காது. மூன்று பெயரும் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபங்ஷன் முடிவில் லீவ் நடந்து, ரெட் இன்ஸ்ட்ரக்‌ஷனில் நிற்கும்போதும் இதே ஆபத்து உண்டு, அதையும் தனியாகச் சோதியுங்கள். ஃபங்ஷன் தொடக்கத்தில் எண்ட்பிஆர்64 இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கும் பில்டு ஒன்று, இல்லாத பில்டு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்

டீபக்-ஃபிரேம் இருந்தது, நன்றி. அணைத்த பிறகு ஓ0 சரி. ஓ2-வில் இரண்டாவது வரியிலிருந்தே கேள்விக்குறிகள். இதை ஃபெயில் என்று எழுதலாமா?

பதில் 3

தெரிந்த குறை என்று குறியுங்கள், டெஜாக்னு டெஸ்ட் கருவியில் அதற்குப் பெயர் கேஃபெயில். ஓ2-வில் ஃபிரேம் பாயிண்டர் கிடையாது. புஷ்-மூவ் ஜோடி கண்ணில் படாததால், திரும்பும் முகவரி ஆர்எஸ்பி காட்டும் இடத்திலேயே இருக்கிறது என்று ஜிடிபி எடுத்துக்கொள்ளும். இடையில் ஒரு 'சப் 24, ஆர்எஸ்பி' நடந்திருந்தால் குப்பையைத்தான் படிக்கும். ஓ2-வில் சோதித்தே ஆக வேண்டுமென்றால் 'நோ ஆமிட் ஃபிரேம் பாயிண்டர்', கூடவே 'நோ ஆப்டிமைஸ் சிப்லிங் கால்ஸ்'. இரண்டாவதை விட்டால் நடுவின் கடைசி அழைப்பு வெறும் ஜம்ப்பாகிவிடலாம்; இல்லாத ஃபிரேமை எந்த அன்வைண்டரும் காட்டாது. அடிக்கும் நடுவுக்கும் நோஇன்லைனும் போடுங்கள்.

டுவார்ஃப் அன்வைண்டரை அணைத்திருக்கும்போது ஸ்லீப் மாதிரி லிப்சி (சி லைப்ரரி) ஃபங்ஷனுக்குள் நிறுத்தாதீர்கள். அந்த சுவிட்ச் லிப்சியின் இஎச்-ஃபிரேமையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆன்-ஆஃப் மாற்றினால் பழைய ஃபிரேம் கேஷ் அப்படியே நிற்கலாம்: 'மெயின்ட் ஃபிளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்', பழைய பதிப்புகளில் 'ஃபிளஷ்ரெக்ஸ்'.