மாலை நேரத்தில் கற்பிக்க வந்த மாணவர்கள்: மூவரின் அனுபவங்கள்

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த கல்லூரி ஆசிரியர்:

ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஈராண்டில் 240 மணி நேரம், ஒரு 7 நாள் முகாம், முடிவில் சான்றிதழ் என்று வகுப்பு வகுப்பாகச் சென்று அறிவித்தேன். அருகிலிருந்த தொடக்கப் பள்ளியில் மாலையில் பாடம் சொல்லித்தர 43 பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் வந்து நின்றவர்கள் 6 பேர். இக்காலப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று ஆசிரியர் அறையில் நானும் புலம்பியவன்தான். ஒரு நாள் உடன் சென்று பார்த்தபோதுதான் குறை என்னுடையது என்று தெரிந்தது. என்ன நடத்த வேண்டும் என்றுகூடச் சொல்லாமல், ஒரே கரும்பலகையின் முன் நாற்பது குழந்தைகளை உட்கார வைத்து, பதினெட்டு வயதுப் பிள்ளையைத் திகைக்க விட்டிருந்தேன்.

மறு ஆண்டு மேடைப் பேச்சைக் கைவிட்டு, விடாமல் வந்த அந்த 6 பேரையும் ஆளுக்கு இரண்டு நண்பர்களை அழைத்து வரச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் இரண்டே குழந்தைகள். அன்றன்று குழந்தை எங்கே தடுமாறியது என்று குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. "எனக்கே கணக்கு வராது ஐயா" என்று தயங்கிய வணிகவியல் மாணவிக்கு வாய்த்த மூன்றாம் வகுப்புச் சிறுவன், 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினான். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுவதே அவன் வழக்கம் என்பதை அவர் இரண்டு நாளில் கண்டுபிடித்தார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் முன்வைத்து, 27 குச்சி கேட்டார். இரண்டு கட்டுகளை நீட்டிவிட்டு உதிரிகளையே வெறித்திருந்தவன், சற்று நேரம் கழித்துத் தானாக ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினான். அந்தக் கதையை அவர் விடுதியில் சொல்லிக் கேட்டுச் சேர்ந்தவர்கள், என் சொற்பொழிவுகளைக் கேட்டுச் சேர்ந்தவர்களைவிட அதிகம்.

அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர், புதுக்கோட்டை மாவட்டம்:

1991-இல் எங்கள் மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கலைப்பயணக் குழுவின் பாட்டுக்காகத்தான் போனேன். பாடம் நடத்தும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கல் உடைக்கும் வேலை முடிந்து, சோறாக்கி இறக்கிவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமரும் பெண்களின் காய்த்துப்போன விரல்களுக்குள் சிலேட்டுக்குச்சி நிற்காது. ஒரு நாள் சோம்பலில் போகவில்லை. மறுநாள் காலை ஓர் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏன் தம்பி, நேத்து வரல? நாங்க ஒம்போது மணி வரைக்கும் உக்காந்திருந்தோமே" என்றார். அதன்பின் எனக்கு எவரும் ஊக்கம் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்களில் சிலர் பின்னர் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்; பின்னாலேயே ஓடிப் பிடித்த களைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த மாணவி:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் சேவை, தியாகம் என்று மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது விட்டுப்போன பாடங்களை மாலையில் பிள்ளைகளின் வீட்டருகிலேயே சொல்லித்தர, 2021-இல் அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். பெரிய தொகை இல்லை என்றாலும், என் தேர்வுக் கட்டணத்துக்கு அது உதவியது. அதைவிட முக்கியம், மையம் எங்கள் தெருவிலேயே அமைந்தது. வேறு ஊர் என்றால் இரவு ஏழு மணிக்குத் திரும்புவதற்கு அம்மா சம்மதித்திருக்க மாட்டார்.

பருவத் தேர்வு வந்தபோது, இரண்டு வாரம் வகுப்பு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் மாலை உள்ளே படித்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் சத்தம் கேட்டது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சின்னவர்களை வரிசையாக உட்கார வைத்து, "அக்கா படிக்கிறாங்க, மெதுவா வாசிங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.