மொத்த மதிப்பெண் 126, தேவை 130: மேல்முறையீட்டுக்கு என்ன இணைப்பது?

என் மகளுக்கு எட்டு வயது. மீத்திறன் வகுப்பில் சேர, போன மாதம் குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் ஐந்தாம் பதிப்பை எழுதினாள். சொல் புரிதல் 133, தர்க்கச் சிந்தனை 128, செயல்வேகம் மட்டும் 86. மற்றப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த மதிப்பெண் 126. பள்ளி கேட்பதோ 130. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

செயல்வேகம் குறைந்த காரணம் எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் குறியீடுகளை வேகமாக வரைய வேண்டிய பகுதியில், ஒவ்வொரு கோடும் நேராக வர வேண்டும் என்று பென்சிலை அழுத்திப் பிடித்து நிதானமாக வரைந்திருக்கிறாள். வீட்டில் கோலம் போட்டாலும் இதே கதைதான்.

கண் பரிசோதனை செய்தாயிற்று, குறையில்லை. வேலை நினைவையும் (தகவலைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக் கையாளும் திறன்) செயல்வேகத்தையும் சேர்க்காத பொதுத்திறன் குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும்படி உளவியலாளரிடம் கேட்டேன், 134 வந்தது. பள்ளியில் காட்டினேன், “மொத்த மதிப்பெண்தான் விதி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மறுதேர்வும் இப்போதைக்கு முடியாது. ஓராண்டுக்குள் அதே சோதனையை எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும் என்று உளவியலாளர் மறுக்கிறார். அது நியாயம்தான்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. பொதுத்திறன் குறியீட்டைப் பள்ளி ஏற்கும்படி செய்தவர்கள், அறிக்கையுடன் வேறு எதை இணைத்தீர்கள்?