விசாவுக்கு முன்னால பார்க்க வேண்டிய காரியங்கள்: மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்து அனுபவங்கள்
(தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து ஆட்கள் பேசிக்கிட்டது. ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் மேல அவங்க ஊர்ப் பெயர் இருக்கு.)

மார்த்தாண்டம்:
நம்ம பக்கத்து ஆட்களுக்கு விசாத் தடங்கல் பாதியும் பெயரிலேயே தொடங்கிரும். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியல் ஆகாது, விரிச்சு எழுதணும். அந்தக் குழப்பத்தில நிறைய பேர் தன் பெயரை மட்டும் ‘கிவன் நேம்’ கட்டத்தில போட்டு, ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியா விட்டிருக்காங்க. நம்ம நாட்டில அதுக்குத் தடை இல்லை. ஆனா 2022 நவம்பர்ல அமீரகம், ஒற்றைச் சொல்லில பெயர் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில நுழைவு இல்லைன்னு சொல்லிருச்சு. கடைசிப் பக்கத்தில தகப்பனார் பெயர் இருந்தா ஏற்போம்னு பின்னால விளக்கம் வந்தது. ஆனாலும் விமானக் கம்பெனி கவுண்டர்ல இருக்கிறவருக்கு அந்த விளக்கம் ஞாபகம் இருக்கணுமே! பயணியை அங்கே திருப்பி அனுப்பினா கூட்டிக்கிட்டு வர வேண்டியது அந்தக் கம்பெனிதான். அதனால சந்தேகம்னா திருவனந்தபுரத்திலேயே நிறுத்திருவாங்க.

சரிசெய்ய, பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து தகப்பனார் பெயரையோ குடும்பப் பெயரையோ சர்நேமில சேர்க்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால்னா கூட 2,000. ஆதாரிலும் அதே விரிவு, அதே ஸ்பெல்லிங் இருக்கணும். முதல்ல ஆதாரைத் திருத்திட்டுப் போங்க. தலைகீழாப் போனா ரெண்டு தடவை அலைச்சல்.

அமெரிக்கா வேற வழி வச்சிருக்கு. சர்நேம் இல்லைன்னா உங்க பெயரையே சர்நேம் ஆக்கிட்டு, முதல் பெயர் இடத்தில ‘எஃப்என்யூ’ன்னு மூணு எழுத்துப் போடுவாங்க. முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம். விசா செல்லும், ஆனா அங்கே போய் பேங்க் கணக்கு, லைசென்ஸ்னு எல்லாத்திலும் அந்த எழுத்து ஒட்டிக்கிட்டே வரும். பிள்ளைகளுக்குப் புதுசா பாஸ்போர்ட் எடுக்கிறவங்க ரெண்டு கட்டத்தையும் இப்பவே நிரப்பிருங்க.

குளச்சல்:
பெயர் காரியம் அண்ணாச்சி சொல்லிட்டாங்க. நான் இசிஆர் பற்றி எழுதுறேன், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேணும்னு பாஸ்போர்ட்டில வர்ற குறிப்பு. கடல் தொழிலுக்கு வளைகுடா போறவங்க இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவங்க பாஸ்போர்ட்டில ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’னு இருக்கும். அப்படி ஒண்ணும் எழுதலைன்னா நீங்க இசிஎன்ஆர், அதாவது அந்த அனுமதி தேவையில்லாதவர். பத்தாவது சான்றிதழ் இருந்தா இசிஎன்ஆர் கிடைக்கும். வருமான வரி கட்டுறவங்க, 50 வயது தாண்டினவங்க, வெளிநாட்டில மொத்தம் மூணு வருஷத்துக்கு மேல இருந்தவங்க ஆகியோருக்கும் உண்டு. இசிஆர்காரங்க அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா மத்திய அரசோட இ-மைக்ரேட் இணையதளம் வழியா அனுமதி வாங்கணும். சிங்கப்பூர் அந்தப் பட்டியல்ல இல்லை.

தப்பு எங்கே நடக்குதுன்னா, ‘இப்போ விசிட்ல போ, அங்கே போய் மாத்திக்கலாம்’னு ஏஜென்ட் சொல்றதில. ஏர்போர்ட்ல எமிக்ரேஷன் அதிகாரி எங்கே தங்குறீங்க, யார் செலவு, எப்போ திரும்புறீங்கன்னு கேட்பார். பதில் முன்னுக்குப் பின் முரணா இருந்தா அன்னிக்கு ஃப்ளைட் இல்லை. தப்பிப் போனாலும், முறையாப் போறவருக்குக் கிடைக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கிடைக்காது. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். அரபிக்காரன் படகுல கைகால் போனா யாரைக் கேட்பீங்க?

ஈரான் போறவங்களுக்குத் தனியா ஒரு வரி. 2024 பிப்ரவரில இருந்து விமானத்தில போனா விசா வேண்டாம்னு இருந்த சலுகையை 2025 நவம்பர் 22 முதல் ஈரான் நிறுத்திருச்சு. வேலை தர்றதா ஆசைகாட்டிக் கூட்டிப்போய்க் கடத்தின கேஸ்கள்தான் காரணம். இன்னும் ‘ஈரானுக்கு விசா வேண்டாம்’னு யாராவது சொன்னா அந்த ஆள்கிட்ட பணம் கொடுக்காதீங்க.

கருங்கல்:
நர்ஸ் பிள்ளைகளுக்கு: உங்க பாஸ்போர்ட் இசிஎன்ஆர் ஆனாலும், 2015-ல இருந்து அந்த 18 நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேணும். அரசு அனுமதிச்ச ஏஜென்சி வழிதான் ஆள் எடுக்க முடியும். நம்ம தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரள அரசோட நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் எல்லாம் அதில வரும்.

பாறசாலை:
அக்கா சொன்னதோடு சேர்த்து அட்டஸ்டேஷனையும், அதாவது சான்றிதழ் உண்மைதான்னு அரசு முத்திரை வைக்கிறதையும், சொல்லிரணும். எல்லைக்காரங்க எப்பவும் இடறுற இடம் இது. சான்றிதழைக் கொடுத்த மாநிலம் எதுவோ, அந்த மாநிலம்தான் முதல் முத்திரை வைக்கணும். நீங்க எங்கே குடியிருக்கீங்கன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. வீடு களியக்காவிளையில, டிகிரி கேரளப் பல்கலைக்கழகத்தில, கல்யாணப் பதிவு குழித்துறையிலன்னா டிகிரிக்கு நோர்க்கா, கல்யாணச் சான்றுக்குத் தமிழ்நாடு அரசு. ரெண்டையும் ஒரே கட்டா திருவனந்தபுரத்தில கொடுத்தா ஒண்ணு அப்படியே திரும்பி வரும்.

அதுக்குப் பிறகு டெல்லி வெளியுறவுத் துறை. போற நாடு ஹேக் ஒப்பந்தத்தில (ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏத்துக்கிற ஒப்பந்தம்) இருந்தா, அங்கே அபோஸ்டில்ங்கிற அந்தச் சான்று முத்திரையை ஒட்டினா முடிஞ்சுது. ஓமன், பஹ்ரைன் அதில உண்டு, சவுதி 2022 டிசம்பரில சேர்ந்துச்சு. அமீரகம், கத்தார், குவைத் இல்லை. அந்த மூணுக்கும் அந்தந்தத் தூதரக முத்திரையும் வேணும். எந்த நாட்டுக்குன்னு கேட்காமலே ‘அபோஸ்டில் போட்டுத் தர்றேன்’னு சொல்ற கடையில கொடுக்காதீங்க.

குலசேகரம்:
ஐரோப்பா சுற்றுலா போறவங்களுக்கு ஷெங்கன் விசா. 29 நாட்டுக்கும் ஒரே விசாதான், ஆனா எந்த நாட்டுக்கு விண்ணப்பம்ங்கிறதில தப்பு பண்ணினா நிராகரிப்பு. அதிக நாள் தங்குற நாட்டுக்குப் போடணும். நாள் சமமா வந்தா முதல்ல இறங்குற நாட்டுக்கு. ரோம்ல நாலு ராத்திரி, பாரிஸ்ல நாலு, ரோம்ல இறங்குறீங்கன்னா இத்தாலி. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குதுன்னு மூணாவது ஒரு நாட்டில போடச் சொல்ற ஏஜென்ட் உண்டு. ஹோட்டல் புக்கிங்கைப் பார்த்த உடனே அது வெளிச்சமாகும்.

பாஸ்போர்ட் கடைசி பத்து வருஷத்துக்குள்ள கொடுத்ததா இருக்கணும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூணு மாசமாவது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா வேணும். காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரைக்கும் 45. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னால இருந்து போடலாம், 15 நாளுக்குள்ள வந்துட்டா லேட். மே, ஜூன் பயணம்னா பிப்ரவரியிலேயே போட்டிரணும்.

இனி பேங்க் ஸ்டேட்மென்ட். நம்ம ஊர்ல ரப்பர் வித்த காசு பாதி கையிலதான் வரும், சீட்டுப் பணம் ஒரே நாள்ல மொத்தமா விழும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நாலு லட்சம் வந்து நின்னா, கடன் வாங்கிக் காட்டுறாங்கன்னுதான் அதிகாரி நினைப்பார். சீட்டு எடுத்த ரசீதையும் பாஸ்புக்கையும் கூட வைங்க. ரப்பர் கடைக்காரர்கிட்ட பில் கேட்டு வாங்குங்க, கொஞ்சம் முணுமுணுப்பார், பரவாயில்லை. அதோட பட்டா நகலையும், எதுக்குப் போறோம், யார் செலவு, திரும்பி வர இங்கே என்ன இருக்குன்னு ஒரு பக்கக் கடிதத்தையும் வைங்க. ஏஜென்ட் அடிச்சுத் தர்ற ஒரே அச்சுக் கடிதத்தைவிட நீங்களே எழுதினது மேல்.

மார்த்தாண்டம்:
ஃபோட்டோவையும் கவனிக்கணும். ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு ரெண்டுக்கு ரெண்டு அங்குலம், கண்ணாடி போடக்கூடாது. நம்ம ஸ்டுடியோக்காரர் அன்பா முகத்தை வெளுப்பாக்கித் தருவார். வேண்டாம்னு சொல்லிருங்க, திருத்தின படம் செல்லாது.

நித்திரவிளை:
விசாவில செல்லுபடி தேதியும் தங்கும் நாளும் ஒண்ணுதானா அண்ணே?

குலசேகரம்:
இல்லை தம்பி. தேதி, எந்த நாளுக்குள்ள உள்ளே இருக்கலாம்னு சொல்லும். நாள், அதுக்குள்ள மொத்தம் எத்தனை நாள்னு சொல்லும். ஷெங்கன்ல எந்த 180 நாளை எடுத்தாலும் 90-க்கு மேல இருக்கக்கூடாது. இறங்குற நாளும் கிளம்புற நாளும் கணக்கில சேரும். ‘சிங்கிள் என்ட்ரி’ன்னா நடுவில லண்டன் போய்ட்டுத் திரும்ப பாரிஸ் வர முடியாது. அமீரகத்தில அதிகமா தங்கினா நாளுக்கு 50 திர்ஹம் அபராதம்.

நித்திரவிளை:
நடுவில மாறுற ஏர்போர்ட்டுக்கும் விசா வேணுமா?

குளச்சல்:
டிக்கெட்டைப் பார்க்கணும் மக்கா. முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே டிக்கெட் எண்ல இருந்தா, பெரும்பாலும் பெட்டி நேரா கடைசி ஊருக்குப் போயிரும். ரெண்டு தனி டிக்கெட்னா சில இடத்தில பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் போடணும். வெளியே வரணும்னா அந்த நாட்டுக்குள்ள நுழையணும், அதுக்கு விசா வேணும். அமெரிக்கா வழியா வேற நாட்டுக்குப் போனா ஒரே டிக்கெட்டா இருந்தாலும் விசா இல்லாம மாற முடியாது. 4,000 ரூபாய் குறையுதுன்னு டிக்கெட்டை ரெண்டா வெட்டுறதுக்கு முன்னால இதைப் பார்த்துக்கோ.