கண் மொடலில் கல் பட்டவுடன் ‘நெகட்டிவ் வொலியூம்’ என்று நிற்கிறது, உதவி தேவை

மஸ்கெலியா மாணவி
வணக்கம். பேராதனையில் பொறியியல் இறுதி வருடம் படிக்கிறேன். புல்வெட்டும் மெஷினிலிருந்து தெறிக்கும் கல் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பதை ஓபன்ரேடியோஸ் என்ற மோதல் கணிப்பு மென்பொருளில் மொடல் செய்கிறேன். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்த காலத்தில்தான் எங்கள் தோட்டத்துக்கு இந்த மெஷின் வந்தது. வெட்டுகிறவர்கள் கண்ணாடி போடுவதில்லை, கொடுக்கவும் இல்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

கல் 6 மிமீ உருண்டை, 0.3 கிராம், வேகம் வினாடிக்கு 60 மீட்டர். கண் 24 மிமீ, வன்கோதுப்படை (கண்ணின் வெள்ளை வெளிச்சுவர்) எல்லா இடத்திலும் 1 மிமீ தடிப்பு. கண்ணாடியுடனீரை (கண்ணுக்குள் நிரம்பிய கூழை) திண்மமாக எடுத்து பாய்சான் விகிதம் 0.4999, அதாவது அமுக்கினாலும் கனவளவு அனேகமாக மாறாது என்று கொடுத்திருக்கிறேன். கண் பின்னால் ஓடிவிடாமல் இருக்கப் பின்புற நோடுகளை (கண்ணைப் பிரித்த மெஷ் வலையின் புள்ளிகளை) கட்டிவிட்டேன்.

கல் பட்டுச் சற்று நேரத்தில் டைம் ஸ்டெப் (ஒரு கணிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) விழுந்து ரன் நின்றுவிடுகிறது. மெஷைச் சிறிதாக்கினால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. அதுவரை வந்த விடையிலும் அதிகத் தகைப்பு (பரப்பலகுக்கான உள்விசை), கட்டிய நோடுகளைச் சுற்றித்தான் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதுளை மெஷ்காரன்
தங்கச்சி, மெஷைச் சிறிதாக்கி இது தீராது. கண்ணாடியுடனீர் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கல் அமுக்கும்போது அது வழிந்து ஒதுங்க வேண்டும். திண்மமாக வைத்தால் ஒதுங்க முடியாமல் மூலகங்கள் (வலையின் சிறு துண்டுகள்) உருக்குலைந்து உள்வெளியாகத் திரும்பிவிடும், அதுதான் ‘நெகட்டிவ் வொலியூம்’. சின்ன மூலகம் முதலில் திரும்பும். திரவமாக எழுதுங்கள்: அடர்த்தி தண்ணீருடையது, பருமக் குணகம் (அமுக்கத்தை எதிர்க்கும் அளவு) 2.2 ஜிகாபாஸ்கல். வர்ஜீனியா டெக் குழு 2002இல் வெளியிட்ட கண் மொடலில் திரவங்களுக்கு ஏஎல்இ முறையைத்தான் (திரவம் வலைக்குள்ளாக வழிய விடும் முறை) எடுத்தார்கள். அது கஷ்டமென்றால் எஸ்பிஎச் (வலை இல்லாமல் திரவத்தைத் துகள்களாக வைக்கும் முறை) முயற்சி செய்யுங்கள்.

டைம் ஸ்டெப்பைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். திரவத்தில் ஒலி வேகம் 1500 மீட்டர், மூலகம் 0.3 மிமீ என்றால் 0.2 மைக்ரோசெக்கன் வரும். 2 மில்லிசெக்கனுக்குச் சுமார் 10,000 ஸ்டெப், சாதாரண லேப்டொப் போதும். ஸ்டெப் 0.2 மைக்ரோசெக்கனுக்குக் கீழே போனால் எங்கோ ஒரு மூலகம் நசுங்குகிறது.

பின்புறத் தகைப்பு நீங்கள் கட்டியதால் வந்தது, கண்ணால் வந்ததல்ல. கட்குழியில் கண்ணைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. அதை மென்மையான பொருளாக வைத்து, கொழுப்பின் வெளிப்பக்கத்தை மட்டும் கட்டுங்கள். அப்புறம், மோதலுக்கு முன் உள்ளே 15 மிமீ பாதரசம், அதாவது 2 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்கட்டும்.

கண் வார்டு
மொடலிங் எனக்குத் தெரியாது. ஆனால் 1 மிமீ என்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அடிபட்ட கண் பெரும்பாலும் கிழிவது விழிவெண்படலமும் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படை) வன்கோதுப்படையும் சேரும் விளிம்பில், அல்லது கண்ணை அசைக்கும் தசைகள் ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால். தசைகளுக்குப் பின்னால் உள்ள அந்த இடத்தில் தடிப்பு 0.3 மிமீ அளவுதான். எல்லா இடத்திலும் 1 கொடுத்தால் மொடல் கிழிய வேண்டிய இடத்தில் கிழியாது, மகள்.

இன்னொன்று, கண் முன்பின்னாக அமுங்கும்போது நடுவில் அகலும், விழித்திரை அதில் இழுபட்டுக் கிழியலாம். அந்த அகலத்தையும் அளந்து தாருங்கள்.

மஸ்கெலியா மாணவி
டொக்டர், அண்ணா, மிக்க நன்றி. எஸ்பிஎச்சுக்கு மாற்றி, கொழுப்பு வைத்து, தடிப்பையும் இடத்துக்கு இடம் மாற்றினேன். ரன் கடைசிவரை ஓடியது. அதிகத் தகைப்பு இப்போது விளிம்பில். கிழியும் எல்லையாக அந்த 2002 மொடல் சொல்லும் 23 மெகாபாஸ்கலைத் தாண்டவில்லை. 60 மீட்டரில் ஆபத்தில்லை என்று எழுதலாமா?

பதுளை மெஷ்காரன்
எழுத வேண்டாம். அது கிழிவதற்கான எல்லை மட்டும். உங்கள் கல்லின் சக்தி 0.54 ஜூல், குறுக்குப் பரப்பு 28 சதுர மிமீ, சதுர மீட்டருக்கு 19,000 ஜூல் வருகிறது. கிழிய 50 சதவீத வாய்ப்பு சுமார் 35,500இல். முன்னறையில் (விழிவெண்படலத்துக்குப் பின்னால் உள்ள அறையில்) இரத்தம் கசிய அதே வாய்ப்பு சுமார் 20,000இலேயே வந்துவிடும். நீங்கள் அதன் பக்கத்தில் நிற்கிறீர்கள். வேகத்தை 80 ஆக்கினால் 34,000. 40 முதல் 100 வரை ஓடவிடுங்கள்.

கண் வார்டு
இரத்தம் கசிந்த கண்ணில் பின்னால் அழுத்தம் ஏறிப் பார்வை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ‘ஆபத்தில்லை’ வரிசையில் போட்டுவிடாதீர்கள்.

மஸ்கெலியா மாணவி
சரி டொக்டர், அந்த வரியை எடுத்துவிட்டேன். இன்றிரவு 40இலிருந்து ஓடவிடுகிறேன். அடுத்தது 2 மிமீ பொலிகார்பனேட் கண்ணாடியை முன்னால் வைத்துப் பார்க்கப்போகிறேன். அதற்கான மெட்டீரியல் கார்டு (பொருளின் பண்புகளை எழுதிய உள்ளீடு) யாரிடமாவது இருக்கிறதா?

பதுளை மெஷ்காரன்
என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். நேராக வரும் கல்லோடு, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதையும் ஓடவிடுங்கள். புல் வெட்டும்போது கல் அப்படித்தான் வரும்.